வைக்கோல் கன்றும் என் வலது கையும்

அல்சூர் ஏரிக்கு மேற்கே, பாறை மேல் கல் பாவிய மாட்டுக் கொட்டகை நான் கட்டியது. அந்தப் பாறையில் தண்ணீர் கிடையாது என்று நீரோட்டம் பார்க்கிறவன் தேங்காயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அங்கேயே கிணறு வெட்டித் தண்ணீர் கண்டதும் நான்தான். எங்கள் தெருவில் முதல் ஓட்டு வீடு என்னுடையது. மாரியம்மன் கோவிலுக்கு முன்னால் இருக்கிற கல்தொட்டி நான் வைத்தது. இன்றைக்கும் ஊர் மாடெல்லாம் அதில்தான் வாய் வைக்கிறது. என் தகப்பனார் எனக்கு விட்டுப்போனது ஒரு கிழட்டு எருமையும் ஒரு தாம்புக் கயிறும். படிப்பு இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். அப்படி இருந்தும் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டுப் பக்கத்தில் என் பால் போகாத பங்களாத் தெரு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம். இதையெல்லாம் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்கிறவர்கள் வந்து கிணற்றை எட்டிப் பார்க்கட்டும்.

இந்த வரிசையில் கடைசியாக நான் கட்டியது ஒன்று உண்டு. அதை மட்டும் ஆளுக்கு ஆள் தாங்கள் கட்டியதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அது என் வலது கை.

இதை எழுதுவதும் அந்தக் கைதான். பிழை இருந்தால் நான் போகாத பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள். கை ஒழுங்காகத்தான் எழுதுகிறது.

பால் தொழில் தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் துரைமார் வீட்டு வாசலிலேயே மாட்டைக் கொண்டுபோய் நிறுத்தி, அவர்கள் கண்ணெதிரே கறந்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் கலக்கவில்லை என்று நம்புவார்கள். கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் பசு பாலை இறக்காது. கன்று செத்துப்போனால் என்ன செய்வது? அதன் தோலை உரித்து வாங்கி, உப்புப் போட்டுக் காயவைத்து, உள்ளே வைக்கோல் அடைத்து, கோணி ஊசியால் தைத்துவிடுவோம். காலுக்கு நாலு குச்சி. அதுதான் வைக்கோல் கன்று. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்கு முன்னால் நடப்பேன். வாசலில் அதை நிறுத்தி முதுகில் கொஞ்சம் உப்பைத் தடவினால் பசு நக்க ஆரம்பிக்கும். நக்க நக்க மடியில் பால் இறங்கும்.

கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை இருக்கும். துரைசானிகள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அப்போது சிரிப்பாக வரும். தாய்க்குத் தெரியாதா, அது செத்தது என்று, என ஒரு துரைசானி சமையல்காரனை விட்டுக் கேட்டாள். தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். தெரியும் என்பதுதான் என் எண்ணம். பசு நக்கும்போது அதன் கண்ணைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். தெரிந்தேதான் நக்குகிறது.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் என் கை மரத்துப்போக ஆரம்பித்தது. விடியற்காலையில் எழுந்தால் வலது கையில் கட்டைவிரல், அதற்கு அடுத்த விரல், நடுவிரல் மூன்றும் யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனது போல இருக்கும். உதறினால் ஊசி குத்தும், பிறகு சரியாகும். அப்படியே கொஞ்ச நாள் போயிற்று. அப்புறம் உதறினாலும் சரியாகவில்லை. கறக்க உட்காருவேன். காம்பைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது. செம்பில் பால் விழுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் கறக்கிறேன் என்று தெரிந்துகொள்வேன். ஒரு நாள் கறந்து முடித்துவிட்டதாக நினைத்துப் பக்கத்து மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் நிற்கவில்லை. குனிந்து பார்த்தால் என் கை தன்பாட்டுக்குக் கறந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்ததும் நின்றது.

யாரிடமும் சொல்லவில்லை. கையைப் பற்றிப் புகார் சொல்கிற பால்காரனிடம் யார் பால் வாங்குவார்கள்?

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் வீட்டு வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தேன். கறி கருகுகிற வாசனை வந்தது. எங்கள் தெருவில் அந்த மாதம் யாரும் கறியைத் தொடமாட்டார்கள். சனிக்கிழமை என்றால் பேச்சே இல்லை.

"யார் வூட்லடி கறி?" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். "புரட்டாசின்னு ஒரு பயம் வேணாம்?"

என் மனைவி வெளியே வந்தாள். மோப்பம் பிடித்தாள். பிறகு என் கையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பீடி என் விரல் நடுவில் கடைசி வரை எரிந்து, தோலுக்குள் போய் அணைந்திருந்தது. கருகியது நான்தான்.

அந்தக் கொப்புளம் ஆறுவதற்குள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் கொட்டகையைப் பார்க்க வந்தார். கழிவுநீர் ஓட்டத்தைப் பார்த்தார், சாணிக் குழியைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. என் கொட்டகையில் அகப்படாது. போகிற நேரத்தில் என் கையைப் பார்த்துவிட்டார்.

"இன்னாய்யா அது?"

"பீடி சுட்டுச்சுங்க."

"இவ்ளோ ஆழமாவா? வலிக்கல?"

"இல்லீங்களே," என்றேன். தைரியமாகப் பதில் சொல்வதாக நினைப்பு.

அவர் இரண்டு அடி பின்னால் போனார். என்னைத் தொடவே இல்லை, ஆனாலும் கைக்குட்டையை எடுத்துத் தன் கையைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் நான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. சுட்டால் வலிக்காத கைக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. பெருவியாதி.

"பெரிய டாக்டர்கிட்ட காட்டு," என்றார் இன்ஸ்பெக்டர். "அது இல்லேன்னு எழுதி வாங்கிக்கினு வா. அதுவரைக்கும் எந்த மாட்டு மடியிலயும் கை வெக்காத. மீறினே, கொட்டாய்க்குப் பூட்டு. நீ எங்க போவணும்னு உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே குஷ்டரோகிகளை வைக்கிற ஒரு மதில் இருக்கிறது. அதற்குள் போனவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கிணறு, கொட்டகை, வீடு எதுவும் கூட வராது.

அன்று சாப்பிட்ட பிறகுதான் கவனித்தேன். எங்கள் வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த தட்டிலேயே என் மனைவி உட்கார்ந்து சாப்பிடுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு என் தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தனியாக, சாம்பல் போட்டு, இரண்டு தரம் கழுவிக் கவிழ்த்தாள். வேறு தட்டில் சாப்பிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, சீமையில் படித்தவர். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஊசியால் குத்திக்கொண்டே வந்தார்.

"இங்கே?"

"குத்துதுங்க."

"இங்கே?"

காத்திருந்தேன். "எப்ப ஐயா குத்தப் போறீங்க?"

"குத்தியாச்சு. கண்ணைத் திறந்து பாருங்க." நடுவிரல் நுனியில் ஊசி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ ஒருவருடைய விரலைப் பார்ப்பது போல அதைப் பார்த்தேன்.

சுண்டுவிரல் நன்றாக இருந்தது. மோதிர விரலில்தான் விசித்திரம். சுண்டுவிரல் பக்கத்துப் பாதிக்கு உயிர் இருந்தது, நடுவிரல் பக்கத்துப் பாதிக்கு இல்லை. அந்த டாக்டர் மசியால் அந்த விரல் நடுவில் ஒரு கோடு போட்டார். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் யாரோ.

"இந்தக் கோடு நல்லது, பால்காரரே. மணிக்கட்டுல குறுக்கே ஒரு வார் இருக்கு. அதுக்கு அடியில நரம்பு ஓடறது. வார் இறுகினா இப்படித்தான், சரியா இந்தக் கோடு வரைக்கும் மரத்துப்போகும். வருஷக்கணக்கா கறந்திருக்கீங்க, ஆச்சரியமில்லை."

"அப்ப பெருவியாதி இல்லேன்னு எழுதிக் குடுங்க ஐயா."

"அதுவும் நரம்பைத்தான் பிடிக்கும். காது மடல்ல சுரண்டிப் பார்த்தேன், கிருமி ஒண்ணும் தென்படலை. தென்படலேன்னா இல்லேன்னு ஆயிடாது. வாரை அறுத்துவிட்டுப் பார்க்கலாம். உணர்ச்சி திரும்பினா நான் கையெழுத்துப் போடறேன். திரும்பலேன்னா…" ஜன்னலைப் பார்த்தார்.

"இதுக்கு முன்ன எத்தினி பேருக்கு அறுத்திருக்கீங்க?"

"படிச்சிருக்கேன்," என்றார்.

கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். படித்ததை வைத்து என் கையை அறுக்கவா? படிக்காமலே கிணறு வெட்டியவன் நான்.

என் மனதை மாற்றியது அந்த டாக்டர் இல்லை. ஒரு கன்று.

என் கொட்டகையில் நெற்றியில் வெள்ளை விழுந்த பசு ஒன்று இருந்தது. நான் வளர்த்த மாடுகளிலேயே அதிகம் கறந்தவள். பிடிவாதக்காரி. மற்ற மாடுகளை என் மச்சான் கறப்பான். என் மனைவியின் தம்பி அவன். இவள் மட்டும் என் கைக்குத்தான் பால் இறக்குவாள். இன்ஸ்பெக்டர் சொல்லிப் போன பிறகு அவளை இடது கையால் கறந்து, பாலை எருக்குழியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். அப்படி ஒரு வாரம் போவதற்குள் அவள் கன்று கழிச்சல் கண்டு செத்தது. பிறந்த அன்று என் விரலைச் சூப்பக் கொடுத்துப் பால் குடிக்கப் பழக்கிய கன்று அது.

தோல் காய்ந்து வந்தது. மத்தியான வெயிலில் கொட்டகை ஓரமாக உட்கார்ந்து வைக்கோலை அடைத்துத் தைத்தேன். இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. என் கன்றுகள் நின்றால் நிற்கும். வயிற்றுப் பக்கம் கடைசித் தையல் போட்டு, நூலை இறுக்கி முடிந்து, எழுந்தேன்.

கன்றும் என்னோடு எழுந்தது.

கையை உதறினேன். விடவில்லை. குச்சிக் கால்கள் நாலும் ஆடின. கண் ஓட்டை இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டு என் கையில் தொங்கியது. பின்னால் நடந்தேன், அதுவும் வந்தது. என் ஆயுளில் நான் பயந்து கத்தியது அன்றைக்குத்தான். மனைவி ஓடிவந்து அரிவாள்மணையால் நூலை அறுத்தாள். கட்டைவிரல் சதையோடு சேர்த்துக் கன்றின் தோலை நான் தைத்திருக்கிறேன். ஊசி உள்ளே போனது தெரியவில்லை, வெளியே வந்தது தெரியவில்லை.

"கையையும் சேத்துத் தெச்சிக்கினியே," என்று அவள் அழுதாள். "எது தோலு எது கையின்னு தெரியலையா உனக்கு?"

தெரியவில்லை. அதுதான் உண்மை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. மேலே தோல், உள்ளே வைக்கோல்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், அறுங்கள் என்றேன்.

தெருவில் தர்மபுரிப் பக்கம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி என்றால் எதற்கு என்று கேட்பார்கள். போகும் முன் நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன். கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கை வரை காலையும் மாலையும் கழுவச் சொன்னார்கள், கழுவினேன். சாணி, பால், வைக்கோல் என்று ஆயுள் முழுக்க என்மேல் ஊறியிருந்த வாசனை போய்விட்டது. கிளம்புகிற அன்று வெள்ளைநெற்றிக்காரியைத் தட்டிக் கொடுக்கப் போனேன். என் கையை மோந்து பார்த்துவிட்டு, யாரோ அந்நியனைக் கண்டதுபோல மூக்கால் சீறி விலகினாள். வைக்கோல் கன்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் போய் நக்கினாள்.

ஆபரேஷன் மேஜையில் என் கையை ஒரு பலகை மேல் நீட்டி வைத்தார்கள். மேல் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, மணிக்கட்டில் மரப்பு ஊசி போட்டார்கள். முகத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு துணியைத் தொங்கவிட்டார் நர்ஸ். தண்டு சர்ச் பக்கத்துத் தமிழ்ப் பெண்.

"துணிய எடு சிஸ்டர். என் கை, நான் பாக்கணும்."

"வேணாம் அண்ணே. மயக்கம் வந்துடும்."

"செத்த கன்னுக்கு வவுத்தத் தெக்கிறவனுக்கு மயக்கமா?"

"பார்க்கட்டும்," என்றார் டாக்டர். அந்த ஆஸ்பத்திரியில் தன் கையைத் திறந்து தானே பார்த்த முதல் ஆள் நான்தான் என்று பிறகு அந்த நர்ஸே சொன்னார்.

தோலை விலக்கினார்கள். வார் தெரிந்தது. வெள்ளையாக, பளபளவென்று. நான் அதை முன்பே பார்த்திருக்கிறேன். தோல் உரித்த கன்றின் முன்னங்காலில் அதே வெள்ளை, அதே பளபளப்பு இருக்கும். எனக்கும் அதற்கும் உள்ளே ஒரு வித்தியாசமும் இல்லை. டாக்டர் அதை அறுத்தபோது ஈரச் சணலை அறுக்கிற சத்தம் வந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததே தவிரக் கைக்குத் தெரியவில்லை. அடியில் நரம்பு கிடந்தது. தாம்புக் கயிறு இறுகிய இடத்தில் மாட்டுக் கழுத்து தேய்ந்திருக்குமே, அப்படி ஓர் இடத்தில் மட்டும் ஒடுங்கியிருந்தது.

பிறகு வளைந்த ஊசி வந்தது. கோணி ஊசிக்குத் தங்கச்சி மாதிரி. என்னைத் தைக்கத் தொடங்கினார்கள்.

"சிஸ்டர், உள்ள வைக்கோல் வெக்க மறந்துட்டீங்களே," என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்குச் சொல்லவில்லை.

பஞ்சை வைத்து வைத்து, துணியைச் சுற்றிச் சுற்றி, விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரியக் கட்டினார்கள். தண்ணீர் படக் கூடாது, விரலை மட்டும் மடக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று உத்தரவு. வார்டில் கட்டிலில் படுத்து அந்த வெள்ளை மூட்டையை நெஞ்சு மேல் வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு கனம் இருந்தது. குட்டி ஒன்றைத் தூக்கி வைத்த கனம்.

ஒரு மத்தியானம் கண் அசந்தேன். விரலை யாரோ சூப்பினார்கள். பல் இல்லாத வாய், வெதுவெதுப்பாக, பசியோடு. முட்டி முட்டிச் சூப்பியது. அந்த முட்டு எனக்குத் தெரியும். பால் வரவில்லை என்றால் கன்று அப்படித்தான் முட்டும். கண்ணைத் திறந்தேன். யாரும் இல்லை. வார்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் என் விரல் நுனிகள் ஈரமாக இருந்தன.

"வேர்வை அண்ணே," என்று துடைத்தார் நர்ஸ்.

மாதக்கணக்காக அந்த விரல்களில் வேர்த்ததே இல்லை. காய்ந்த தோலாகத்தான் இருந்தன. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கைக்குப் பதில் தலையைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். கைக்கட்டைப் பிரிக்கும்போது உணர்ச்சியைப் பார்க்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசலிலேயே மச்சான் நின்றான். அவன் முழங்காலில் மஞ்சள் பற்று.

"மாமா, வெள்ளநெத்திக்காரி ஒதைச்சிட்டா. பால எறக்க மாட்றா. மடி கல்லாட்டம் கீது."

"வைக்கோல் கன்ன நிறுத்துனியாடா?"

"அதுங்கிட்ட நான் போமாட்டேன். அது மூச்சு வுடுது."

"வைக்கோல்டா அது."

"தெரியும் மாமா. அத்த நீயே அதுங்கிட்ட போய்ச் சொல்லு."

கொட்டகைக்குப் போனேன். என் மனைவியும் பின்னால் வந்தாள். மாலை வெயில் ஜன்னல் வழியாகக் கன்றின் மேல் விழுந்திருந்தது. அதன் வயிறு மெதுவாக ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. அந்தத் தையல் ஓரம், என் விரல் சேர்ந்து தைக்கப்பட்ட இடம், அங்கே நூல் அறுந்து ஒரு வாய் போலத் திறந்திருந்தது.

மச்சான் கதவோரமே நின்றுவிட்டான். பிறகு என் மனைவிதான் துடைப்பக் கட்டையால் அதை இடித்தாள். அவளுக்குப் பயம் கிடையாது. பயம் வந்தால் கோபம் வரும். தையல் விட்டு வைக்கோல் சரிந்தது. உள்ளே எலிக்குஞ்சுகள், கண் திறக்காமல், ரோஜா நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன.

"குட்டி போட்டுக்கீது உன் கன்னு," என்றான் மச்சான்.

எலி மூத்திரம் நாறுகிற அதை இனிப் பசு தொடாது. வெள்ளைநெற்றிக்காரி வலியில் கால் மாற்றி மாற்றி நின்றாள். நான் கிட்டப் போனேன். சீறுவாள் என்று நினைத்தேன். கழுத்தை நீட்டி என் கைக்கட்டை மோந்து பார்த்தாள். வெள்ளைத் துணி சுற்றிய, உள்ளே பஞ்சு அடைத்த, தைத்து முடிந்த மூட்டை. அதன் அடியில் காய்ந்த ரத்த வாசனை. வெகு நேரம் மோந்தாள். பிறகு நாக்கை நீட்டி அதை நக்க ஆரம்பித்தாள்.

தண்ணீர் படக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. கையை இழுக்க முடியவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். முன்பு சொன்னேனே, அந்தக் கண். தெரிந்தே நக்குகிற கண்.

"எறங்குது," என்றாள் என் மனைவி. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது. அவள் செம்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கறந்தாள். பசு என் விரல்களை நக்கிக்கொண்டே இருந்தது. நான் கன்றாக நின்றேன். அந்த நேரத்தில், செம்பில் பால் விழுகிற சத்தத்துக்கு நடுவில், கட்டைவிரல் நுனியில் எதுவோ உராய்ந்தது. முதலில் எங்கோ தொலைவில். பிறகு கிட்டத்தில்.

"சொரசொரன்னு கீதுடி," என்றேன்.

"இன்னாது?"

"நாக்கு. நாக்குடி. சொரசொரன்னு கீது."

அவள் செம்பை வைத்துவிட்டு எழுந்தாள். "கண்ண மூடு," என்றாள்.

மூடினேன்.

"இது இன்னா?"

"வைக்கோலு."

"இது?"

சின்னதாக, சூடாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து போன நாளிலிருந்து அது என் கை மேல் பட்டதில்லை.

"உன் வெரலு," என்றேன்.

அவள் அதை எடுக்கவில்லை.

அந்த டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கட்டு நாறியது, தையல் ஓரம் சீழ் வைத்திருந்தது. "மாட்டை நக்க விட்டீங்களா? பால்காரரே, உங்களுக்குப் புத்தி இருக்கா?" என்று வார்டே கேட்கக் கத்தினார். கத்திவிட்டு, கண்ணை மூடச் சொல்லி ஊசியை எடுத்தார். இந்தத் தடவை ஒவ்வொரு குத்துக்கும் குரல் கொடுத்தேன். நடுவிரலில் ஐயோ என்றேன். அவர் ஊசியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். பெருவியாதி இல்லை.

அன்றைக்கு நான் சாப்பிட்டு எழுந்த தட்டில் என் மனைவி உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்பு போதவில்லை என்று, யாரோ சமைத்ததைக் குறை சொல்வதுபோல் தன் சமையலையே குறை சொல்லிக்கொண்டு சாப்பிட்டாள்.

உணர்ச்சி வந்ததே தவிர வலு வரவில்லை. கட்டைவிரல் அடியில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. காம்பைப் பிடித்தால் நழுவியது. அந்த டாக்டர் காகிதத்தைக் கசக்கு, துணியைப் பிழி என்றார். அதெல்லாம் கறக்கிற கைக்கு ஆகுமா? நான் பிளாக்பள்ளி மார்க்கெட்டில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி வந்தேன். நாலு துண்டாக வெட்டி, அடியைக் கட்டி, நுனியில் ஊசியால் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி உத்திரத்தில் தொங்கவிட்டேன். மடி கட்டினேன் என்று சொல்லுங்கள். முதலில் பெரிய ஓட்டை. கை தேறத் தேற ஓட்டையைச் சின்னதாக்கினேன். வாசலில் உட்கார்ந்து ரப்பர் மடியைக் கறப்பேன். தெரு சிரித்தது. மச்சான், "மாமா, காபிக்கு ஒரு படி தண்ணி குடு" என்பான். கறந்தேன். குழி மேடாயிற்று. ஒரு நாள் வெள்ளைநெற்றிக்காரியின் காம்பை வலது கையால் பிடித்தேன். திரும்பிப் பார்த்தாள். பால் வந்தது.

அந்த ரப்பர் மடியை டாக்டருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். சண்டையில் கையில் அடிபட்டு வந்த சிப்பாய்கள் அப்போது வார்டு நிறைய இருந்தார்கள். அவர்களுக்கும் ஒன்று கட்டித் தர முடியுமா என்று கேட்டார். கட்டிக் கொடுத்தேன். பஞ்சாபிக்காரன், கூர்க்கா எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் கறந்தார்கள். எப்படி விரலை மேலிருந்து ஒவ்வொன்றாக மடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். என் கையைப் படம் எடுத்தார்கள்.

போன மாதம் பேரப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாழ்வாரத்தில் கண்ணாடி போட்டு அந்தப் படம் மாட்டியிருக்கிறது. ரப்பர் மடியும் அதைப் பிடித்த என் கையும். மணிக்கட்டுக்கு மேல் எதுவும் இல்லை. அங்கே படத்தின் மரச்சட்டம் வந்து வெட்டிவிட்டது. உடம்பு இல்லாமல் அது சுவரில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது என் உண்மையான கை ஒரு தரம் மரத்தது. சட்டைப் பையில் விட்டுக்கொண்டேன். படத்தின் கீழே ஆங்கிலத்தில் எழுத்து. பேரனை வாசிக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கிறது, டாக்டர் பெயர் இருக்கிறது, அவர் செய்த ஆபரேஷன், அவர் கண்டுபிடித்த பயிற்சி என்று இருக்கிறது.

அந்த டாக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. நேரில் கேட்டேன்.

"கேஸுக்குப் பேர் போடற வழக்கம் இல்லை, பால்காரரே," என்றார்.

"கேஸா? யாரு, நானா?"

அவர் நல்லவர். அவர் கத்தியைப் பிடிக்காவிட்டால் நான் அந்த மதிலுக்குள் போயிருப்பேன். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. வீட்டில் என் மனைவி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதால் கை வந்தது என்கிறாள். மச்சானோ, தான் உதை வாங்கியதால்தான் பசு என்னைத் தேடியது என்கிறான். ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் வாரை அறுத்தது அவர் என்றால், கறக்கிற கையாக அதைத் திரும்பக் கட்டியது நான். அந்த ரப்பர் மடியை வெட்டியது, ஓட்டை போட்டது, சிப்பாய்களுக்கு விரல் மடக்கச் சொல்லிக் கொடுத்தது நான். சுவரில் இருக்கிற அந்தக் கை செத்த கன்றின் தோல் இல்லை, யாரோ வைக்கோல் அடைத்து நிறுத்தி வைக்க. அதற்கு ஓர் ஆள் இருக்கிறான், அல்சூரில், உயிரோடு. படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. டாக்டர் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. கீழே ஒரு வரி இடம் இருக்கிறது, நான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதில் என் பெயரை எழுத வேண்டும். தமிழில் எழுதினால் நானே வந்து வாசித்துப் பார்த்துக்கொள்வேன்.